பிராதில் எழுத வேண்டிய பேர்

பகல் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் தங்கராசு குனிந்தபடி சூளைக்குள்ளிருந்து வெளியே வந்தான். அன்று சூளை பிரிக்கிற நாள். வெந்து ஆறிய ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் ஒரு பக்கம் அடுக்க வேண்டும். சத்தம் செத்திருந்தால் உள்ளே கீறல் என்று இன்னொரு பக்கம் ஒதுக்க வேண்டும். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அந்த வேலைக்குத் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்று தங்கராசு சொல்லிக்கொள்வான். வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் அவன் பெண்டாட்டி பெரியநாயகி தூக்குவாளியோடு நின்றிருந்தாள். காலையிலேயே சோறு கட்டிக் கொடுத்துவிடுகிறவள் அன்றைக்கு நேரில் வந்திருந்தாள். ஐந்து மாத வயிறு சேலைக்குள் லேசாகத் தெரிந்தது. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்ததால் தங்கராசுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வரேங்க. அன்னைக்கு ரத்தம் எடுத்தாங்கல்ல, அது கடலூருக்குப் போயி வந்துடுச்சாம். என்னான்னு கண்டுபுடிச்சிட்டாங்க!"

"என்னாத்தக் கண்டுபுடிச்சாங்க?"

"நம்ம புள்ளைங்க ஏன் தங்கலங்கறத! சாமி குத்தமும் இல்லியாம், செய்வினையும் இல்லியாம். எரத்தத்துல ஒரு கிருமி இருக்குதாம். மேகநோயின்னு சொன்னாங்க. அது கொடி வழியா வயித்துப் புள்ளைக்குப் போயிடுதாம். ஊசி போட்டா சரியாப் போயிடுமாங்க. இந்தப் புள்ள பொழைக்கும்மான்னு டாக்டரம்மா எங் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, வாளியைத் திறந்து சோற்றில் குழம்பை ஊற்றினாள். "உங்களையும் கூட்டியாரச் சொன்னாங்க. ரெண்டு பேரும் சேந்து போட்டுக்கணுமாம். நாளத் தள்ளாத, புள்ளைக்கு நல்லதில்லன்னு ரெண்டு தரம் சொன்னாங்க. ஒடம்பு சூடுதான இதெல்லாம்? நீங்களும் சூளையிலயே கெடக்குறீங்க."

தங்கராசு வாயில் வைத்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பாவம், பெரியநாயகிக்கு மேகநோய் என்றால் வெயில் காலத்து நீர்க்கடுப்பு மாதிரி ஏதோ ஒன்று. அவனுக்கு அது ஆண் பெண் சேர்க்கையில் தொற்றுகிற நோய் என்று தெரியும்.

"வேல கெடக்குது. நீ மட்டும் போயிப் போட்டுக்க," என்றான்.

"ரெண்டு பேரும் போட்டாத்தான் ஆவுமாங்க."

"பாக்கலாம் போ."

அவள் போன பிறகு அவன் சுண்டிய ஜாடியெல்லாம் ஒரே மாதிரிக் கேட்டது. நல்லதைக் கீறல் பக்கமும் கீறலை நல்ல பக்கமும் அடுக்கி வைத்து, மேஸ்திரி கோவிந்தராசுவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆண்பிள்ளைச் சிங்கத்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். கல்யாணத்துக்கு முன்னால் தங்கராசு மெட்ராசுக்கும் திருச்சிக்கும் ஓடுகிற லாரியில் கிளீனராக இருந்தான். வயசு இருபத்திரண்டு. கூட இருந்த டிரைவர் ஒரு நாள் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார், இவனும் போனான். கொஞ்ச நாளில் சொல்லக்கூடாத இடத்தில் ஒரு புண் வந்தது. வலியே இல்லை. வேப்பூர் ரோட்டோரத்தில் லேகியம் விற்கிறவனிடம் ஒரு உருண்டை வாங்கித் தின்றான். புண் ஆறிவிட்டது. லேகியத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதை அத்தோடு மறந்தான். அந்த லேகியத்தைத் தின்னாமல் சும்மா இருந்திருந்தாலும் புண் ஆறியிருக்கும் என்பதும், புண் ஆறினாலும் கிருமி ரத்தத்தை விட்டுப் போகாது என்பதும் அவனுக்கு யார் சொல்வார்கள்? அந்த வருஷமே தை மாதத்தில் கருவேப்பிலங்குறிச்சிப் பெண் பெரியநாயகியைக் கட்டிவைத்தார்கள்.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் விழுந்தது. இரண்டாவது பத்து மாதமும் நிறைந்து, உயிரில்லாமல் பிறந்தது. மூன்றாவது ஆண் பிள்ளை, உயிரோடு பிறந்தது. ஆனால் மூக்கு அடைத்துக்கொண்டு பால் குடிக்க முடியாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் தோல் உரிந்து, ஒரு வாரம் அழுதுவிட்டுப் போய்ச்சேர்ந்தது. தங்கராசுவின் அம்மா காசியம்மாள் ஸ்ரீமுஷ்ணத்துக்கு நேர்ந்துகொண்டாள், தாயத்துக் கட்டினாள், செய்வினை வைக்கத் தலைச்சன் பிள்ளையின் துணியை யார் எடுத்துப் போனார்கள் என்று தெருவையே சந்தேகப்பட்டாள். கடைசியில் எல்லாச் சந்தேகமும் வந்து நின்ற இடம் மருமகள்தான். தெருவில் யாருக்காவது வளைகாப்பு என்றால் பெரியநாயகி தானாகவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

இந்தத் தடவை அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனது அமிர்தம் சிஸ்டர். தெருத்தெருவாகப் போய் கர்ப்பிணிகளைப் பார்த்துவருகிற அந்த நர்ஸம்மா மூன்று பிள்ளைக் கதையையும் உட்கார்ந்து கேட்டு, "அழுவாதம்மா, மொதல்ல ரத்தத்தப் பாப்போம்," என்று கையோடு கூட்டிப்போனார். அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

சாயங்காலம் தங்கராசு வீட்டுக்கு வரும்போதே சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமியாரிடம் பெரியநாயகி நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். மேகநோய் என்ற சொல்லைக் கேட்டதும் காசியம்மாள் முறத்தை அப்படியே எறிந்துவிட்டாள். அவள் காலத்து மனுஷிகளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் நன்றாகத் தெரியும். பாதி அர்த்தம் பெண்பிள்ளை மேல். மீதி அர்த்தமும் பெண்பிள்ளை மேல்தான்.

"வாடா வா! ஒம் பொண்டாட்டி லட்சணத்தக் கேட்டியா? குடும்பப் பொம்பளைக்கு வர்ற நோவாடா இது? மூணு பிஞ்சுகளத் தின்னுபுட்டு, இப்ப வந்து ஊசியாம் ஊசி! எங்கெங்க போயி வாங்கியாந்தாளோ!"

"அத்த, என்னா பேசறீங்க? எனக்கு ஒண்ணும் புரியலியே," என்று பெரியநாயகி திகைத்துப்போய் நின்றாள்.

"புரியலியா? கெட்ட பொம்பளைங்களுக்கு வர்ற நோவுடி அது! எம் மவன் தங்கம். அவன் வாழ்க்கைய மண்ணாக்கிட்டியே!"

அப்போதுதான் பெரியநாயகிக்கு விஷயம் உறைத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நா எந்தத் தப்பும் பண்ணலீங்க. இந்த வயித்துப் புள்ள மேல சத்தியம். நீங்களாச்சும் சொல்லுங்க," என்று புருஷனைப் பார்த்தாள்.

அவன் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். ‘எம் மவன் தங்கம்’ என்று சொன்ன அந்த வாய் நாளைக்குத் தன்னை என்னவென்று சொல்லும்? மேஸ்திரி என்ன சொல்வார்? கருவேப்பிலங்குறிச்சி மாமனார் என்ன சொல்வார்? வார்த்தை திரும்பி உள்ளே போய்விட்டது. செத்த மூன்று பிள்ளைகளைவிட, வயிற்றிலிருக்கும் நாலாவது பிள்ளையைவிட, அந்த நேரத்தில் அவனுக்குத் தன் பேர்தான் பெரிசாகத் தெரிந்தது. இப்படிப்பட்ட ஆண்பிள்ளைகளை என்ன செய்வது, சொல்லுங்கள்!

"நாளைக்குச் செவ்வாக்கெழம," என்றாள் காசியம்மாள். "மணவாளநல்லூருக்குப் போறோம். கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்றோம். எவன் இவளக் கெடுத்தான், எங்க வம்சத்த யாரு அழிச்சாங்கன்னு அவரு கேக்கட்டும். அப்பறம் இவள அப்பன் வூட்டுல வுட்டுட்டு வா. ஊசியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. எவனுக்குப் பொறக்கப் போவுதோ!"

பெரியநாயகி அழுகையை நிறுத்தினாள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "சரிங்கத்த. நானும் வரேன். கொளஞ்சியப்பர் கேக்கட்டும். அவரு கேட்டாத்தான் எனக்கும் நிம்மதி," என்றாள். அந்தச் சொல்லில் கோபம்கூட இல்லை. அதுதான் தங்கராசுவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

விருத்தாசலத்துப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கொளஞ்சியப்பர் பிராது என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அந்தக் கோர்ட்டுக்கு வக்கீல் வேண்டாம், சாட்சி வேண்டாம். யாரால் என்ன கெடுதல் நடந்தது என்று ஒரு தாளில் சாமிக்கு எழுத வேண்டும். அதைச் சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் இருக்கிற வேலில் கட்டிவிட்டால், மூன்று மாதத்துக்குள் நியாயம் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. பொய்ப் பிராது கட்டினவனை அந்த வேல் சும்மா விடாது என்று காசியம்மாளே மகனுக்குச் சின்ன வயதில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். சூளை பற்றவைக்கும்போதுகூட ‘கொளஞ்சியப்பா’ என்று சொல்லாமல் தங்கராசு தீக்குச்சி உரசமாட்டான்.

காலை டவுன் பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள். காசியம்மாள் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். பெரியநாயகி ஜன்னலோரம் வயிற்றில் கையை வைத்தபடி வந்தாள். ஒரு குலுக்கலில் அவள் முகம் சட்டென்று மாறியது. பிறகு அவனைப் பார்க்காமலே, "ஒதைக்குது," என்றாள்.

கோயிலில் கூட்டம் அதிகம் இல்லை. தாள் வாங்கினார்கள். காசியம்மாளுக்கு எழுதத் தெரியாது; பெரியநாயகி மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆகவே எழுத வேண்டியவன் தங்கராசுதான். மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாளைத் தொடையில் வைத்துக்கொண்டான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினான். சாமி பேர் எழுதினான். தன் பேர், தகப்பன் பேர், தெருவின் பேர் எழுதினான். என் மூன்று பிள்ளைகள் இறந்துபோயின என்று எழுதினான்.

"இப்ப எழுது," என்றாள் காசியம்மாள். "இதுக்கெல்லாம் காரணம் எம் பொஞ்சாதி, கருவேப்பிலங்குறிச்சி..."

பேனா நின்றது.

"எழுதுடா!"

பெரியநாயகி தூணோரம் நின்று சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. தன்னைக் காப்பாற்று என்று வேண்டிக்கொள்ளவில்லை. "புள்ளைய மட்டும் காப்பாத்திக் குடு சாமி," என்பது தங்கராசு காதில் தெளிவாக விழுந்தது. ஊரை ஏமாற்றலாம், பெற்ற தாயை ஏமாற்றலாம். கொளஞ்சியப்பர் காலடியில் வைக்கிற தாளில் எப்படிப் பொய் எழுதுவது? முழுப் பூசணிக்காயைச் சாமிக்குப் படைத்த சோற்றிலேயே மறைக்க முடியுமா?

"அவ பேரு இல்லம்மா," என்றான்.

"என்னாடா?"

"குத்தவாளி அவ இல்ல. நான்தான். எம் பேரத்தான் எழுதணும்."

காசியம்மாளுக்குப் புரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, லாரிக்குப் போன காலம், டிரைவர் கூட்டிப்போன வீடு, புண், லேகியம் எல்லாவற்றையும் சொன்னான். "எங்கிட்டேருந்துதாம்மா அவளுக்கு வந்துச்சு. அவகிட்டேருந்து புள்ளைங்களுக்குப் போயிருக்குது. மூணையும் கொன்னவன் நான்தாம்மா."

பளாரென்று ஒரு அறை விழுந்தது. பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடித்த கையாலேயே காசியம்மாள் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் அந்த வாய் பேசின பேச்செல்லாம் அவளுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். அவள் அப்படியே தரையில் சாய்ந்து, ஓவென்று அழுதாள்.

தங்கராசு பெண்டாட்டியின் முகத்தைப் பயந்து பயந்து பார்த்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தூணை விட்டு அவன் எதிரில் வந்து நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"மூணாவது புள்ள தோலு உரிஞ்சு கெடந்துச்சே. அப்பயாச்சும் ஒங்களுக்குத் தோணலியா?"

"சாமி சத்தியமா அப்பத் தெரியாது, நாயகி. நேத்து நீ மேகம்னு சொன்னப்பதான் தெரிஞ்சுச்சு."

"நேத்து தெரிஞ்சுச்சுல்ல? அப்பறம் ஏன் ராத்திரி பூரா என்னைய அழவுட்டீங்க?"

இத்தனை வருஷமும் அவள் தன் உடம்பைத் தானே சபித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி பார்த்துப் பொட்டு வைப்பதைக்கூட விட்டிருந்தாள். இன்றைக்கு அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் அவன் வாங்கிக்கொண்டிருப்பான்.

அந்த நேரம் பார்த்துக் குருக்கள் வந்து, "பிராது எழுதியாச்சா? குடுங்கோ," என்று கையை நீட்டினார்.

பெரியநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேணாங்க சாமி. குத்தவாளி ஒத்துக்கிட்டாரு," என்றாள். பிறகு புருஷனிடம் திரும்பி, "எழுந்திரிங்க. மணி ஒம்பதாவுது. ஆஸ்பத்திரியில சீட்டு குடுக்கறத நிறுத்திடுவாங்க. மொதல்ல ஊசி. சண்டைய அப்பறமா வச்சுக்கலாம், அது எங்கயும் ஓடிப்போயிடாது," என்றாள்.

தங்கராசு அந்தத் தாளைச் சாமிக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டான். தீர்ப்பு வருவதற்கு மூன்று மாதம் ஆகும் என்பார்கள்; அவனுக்கு வாய் திறந்த அந்த நிமிஷமே வந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்காகத் தன் கோபத்தைத் தள்ளி வைத்தாளே ஒருத்தி, அவளை எனக்குக் கொடுத்தாயே சாமி என்று மனசார நன்றி சொன்னான். எழுந்தபோது காசியம்மாளும் எழுந்து மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மருமகளும் கையை உருவிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சூளைக்காரனுக்கு விளங்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"பாருங்க தங்கராசு, இந்தக் கிருமி ஒடம்புக்குள்ள சத்தமில்லாம இருக்கும். உங்களுக்கு வலி கிடையாது, அவங்களுக்கும் கிடையாது. ஆனா தாயோட ரத்தத்துலேருந்து கொடி வழியா குழந்தைக்குப் போயிடும். பெரியவங்க தாங்கிக்கிறத அந்தப் பிஞ்சு தாங்காது. இப்பப் போட்டுக்கிட்டா குழந்தைக்கும் சேத்து வைத்தியம் ஆயிடும். அவங்களுக்கு மட்டும் போட்டுட்டு உங்களுக்குப் போடலைன்னா, திரும்ப உங்ககிட்டேருந்து அவங்களுக்கு வரலாம். அதான் ரெண்டு பேரையும் கூப்பிட்டேன்."

"தப்பு என்னுதுதாங்கம்மா."

"தப்ப அப்பறம் பாத்துக்கலாம். பாதி ஆம்பளைங்க இங்க வர்றதே இல்ல. சம்சாரத்த மட்டும் அனுப்பிட்டு, பழியையும் அவங்க தலையிலயே கட்டிடறாங்க. நீங்க வந்தீங்கல்ல, அதுக்கே நான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

படித்த மனுஷி, தனக்குப் போய் நன்றி சொல்கிறாரே என்று தங்கராசு கைகூப்பினான்.

அமிர்தம் சிஸ்டர் முதலில் முன்கையில் கொஞ்சமாகக் குத்தி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார். பிறகு பெனிசிலின் ஊசியைப் பெரியநாயகிக்குப் போட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடவில்லை. அடுத்தது தங்கராசு. அவன் போட்ட சத்தத்தில் வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொண்டது.

"என்னாய்யா, சூளை நெருப்புலயே நிக்கறவரு! இதுக்குப் போயி இந்தக் கத்தா?" என்றார் சிஸ்டர்.

அழுதழுது முகம் வீங்கியிருந்த பெரியநாயகி முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். நொண்டிக்கொண்டே வெளியே வந்த தங்கராசுக்கு வலியெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது. மூன்று வாரம் தொடர்ந்து வந்து இருவரும் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒரு வாரம்கூட அவன் ‘வேலை கிடக்கிறது’ என்று சொல்லவில்லை. சண்டை மட்டும் நடந்தது. பெரியநாயகி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். பல நாள் அவனோடு பேசாமல் இருந்தாள், பேசின நாளில் நன்றாகவே கேட்டாள். அவனும் பதில் பேசாமல் வாங்கிக்கொண்டான். ஆழமான காயம் மெதுவாகத்தானே ஆறும்?

ஐப்பசி அடைமழையில் பெரியநாயகிக்கு வலி எடுத்தது. பிரசவ அறைக்கு வெளியே காசியம்மாள் சுவரில் சாய்ந்து, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கராசு நின்ற இடத்தில் நிற்க முடியாமல் வராந்தாவை அளந்துகொண்டிருந்தான். முன்பு மூன்று தடவையும் இப்படித்தான் நின்றிருக்கிறான். முதல் இரண்டு தடவை யாராவது வெளியே வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் போனார்கள்; மூன்றாவது தடவை அழுகை கேட்டும் ஒரு வாரம்தான். மருந்து வேலை செய்திருக்குமா? நாள் கடந்து போட்டுவிட்டோமோ? அந்த ஒரு நாளை அம்மா முகத்துக்குப் பயந்து வீணாக்கினோமே!

அப்போது உள்ளே அழுகுரல் கேட்டது. சும்மா அழுகை இல்லை. ஆஸ்பத்திரி ஓடு பெயர்ந்துவிடும்போல ஒரு வீறல்.

அமிர்தம் சிஸ்டர் கதவைத் திறந்து, துணியில் சுற்றிய பிள்ளையைக் காட்டினார். "பொண்ணு. பாருய்யா, மூக்கு சுத்தமா இருக்குது. கையப் பாரு, காலப் பாரு. ஒரு கீறல் கெடையாது. எரத்தமும் எடுத்திருக்கோம், பாத்துச் சொல்றோம். நல்லா இருக்காய்யா ஒம் பொண்ணு."

தங்கராசு அந்த உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. அங்கேயே சிஸ்டர் காலில் விழப் போனான். அவர் "ஐயோ, புள்ளைய வச்சிருக்கேன்!" என்று பின்னால் நகர்ந்தார். காசியம்மாள் உள்ளே ஓடினாள். பேத்தியைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தான், அவள் நேராக மருமகள் கட்டிலுக்குப் போய், அவள் நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்து, "என்ன மன்னிச்சுடு தாயி, வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன். நீ எங்க குலத்த வாழவச்சவடி," என்று தேம்பினாள். பெரியநாயகி அந்தக் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளையின் ரத்தமும் சுத்தம் என்று பின்னால் சேதி வந்தது. கொளஞ்சியம்மாள் என்று பேர் வைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, பிள்ளையை டாக்டரம்மாவிடம் காட்டிவர எல்லோரும் போனார்கள். பெரியநாயகி சீட்டு வாங்க நின்றாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கராசு தூணோரம் நின்றான். கர்ப்பிணிகள் வரிசையில் வேப்பூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி தன் மருமகளை வாய் ஓயாமல் வைதுகொண்டிருந்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றது.

"ரெண்டு புள்ளையத் தின்னுட்டா! இவ வயித்துல ஒண்ணும் தங்காது. எம் மவனுக்கு வேற எடம் பாக்கறேன், பாரு!"

காசியம்மாள் காதில் அது விழுந்ததுதான் தாமதம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"யக்கா! மருமவள ஏன் வையற? ஒம் மவன் எங்க?"

"அவனுக்கு என்னா? அவன் வேலைக்குப் போயிருக்கான்."

"நாளைக்கு லீவு போட்டுக் கூட்டியா. ரெண்டு பேரு எரத்தத்தையும் பாக்கச் சொல்லு. நானும் ஒன்னாட்டந்தான் பேசினேன். எம் மருமவள நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசினேன். கடைசியில பாத்தா..."

அங்கே காசியம்மாள் சட்டென்று நிறுத்திவிட்டாள். பெற்ற பிள்ளையின் மானம் அல்லவா? வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் திரும்பி மகனைப் பார்த்தாள்.

தங்கராசுக்குக் காது சூடேறியது. வரிசையின் கோடியில் எஸ்டேட்டில் கூட வேலை செய்கிற பக்கிரி தன் பெண்டாட்டியோடு நிற்பதையும் பார்த்தான். இன்றைக்குச் சொன்னால் நாளைக்குச் சூளைக்குச் சூளை இதுதான் பேச்சு. தோளில் இருந்த பிள்ளை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. தரையைப் பார்த்து நின்ற அந்தப் பெண்ணின் வயிறு லேசாக மேடிட்டிருந்தது.

அவன் நாலு எட்டு முன்னால் வந்தான்.

"கடைசியில பாத்தா நோவு எனக்குத்தாங்க இருந்துச்சு," என்றான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "எங்கிட்டேருந்துதான் என் சம்சாரத்துக்குப் போச்சு. அது தெரியாம எங்க மூணு புள்ளைங்க செத்துப்போச்சு. தெரிஞ்ச பொறவு ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கிட்டோம். இதோ இருக்கா பாருங்க எம் பொண்ணு. ஒங்க மருமவளுக்கு இதே நோவுதான்னு நா சொல்லலீங்கம்மா. என்னான்னு டாக்டரம்மா பாத்துச் சொல்வாங்க. ஆனா புள்ள தங்கலன்னா பொம்பளையப் பழிக்காதீங்க. வயித்துல புள்ளன்னு தெரிஞ்சதும் புருசனும் பொண்டாட்டியும் சேந்து வந்து எரத்தத்தக் காட்டுங்க. நோவு வர்றது மானக்கேடு இல்லீங்க. அத மறைச்சு வச்சுப் புள்ளையச் சாவக் குடுக்கறதுதான் மானக்கேடு."